அதுக்குள்ள சிரிப்பா?

பெரம்பலூர் மாவட்டத்துச் செட்டிகுளம் பக்கத்தில் சின்ன வெங்காயத்துக்குத் தாள் நறுக்கப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்தால், பேச்சும் சிரிப்பும் இல்லாமல் கை ஓடாது. புருசன் செத்து இரண்டு மாதமான ஒருத்தியும் அந்த வட்டத்தில் இருக்கிறாள் என்று வையுங்கள். யாரோ சொன்ன கேலிக்கு அவளையும் மீறிச் சிரிப்பு வந்துவிடுகிறது. முதலில் திடுக்கிடுகிறவள் அவள்தான். அது போதாதென்று வரப்போரம் போகிற யாராவது கேட்டுவிட்டும் போவார்: "அதுக்குள்ள சிரிப்பா?"

கேள்வியில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. செத்தவருக்கு இருப்பவர் பட்ட கடன் ஒன்று உண்டு. அந்த வருஷம் பொங்கல் இல்லை, தீபாவளி இல்லை என்று ஒரு வீடு ஒதுங்குவது, தன்னிடம் ஓர் இடம் காலியானதை ஊரறியச் சொல்லும் வழி. ஆனால் அந்தத் துக்கத்துக்கு எல்லை போட்டதும் இதே வழக்கம்தான். கருமாதியன்று மகன் தலையில் உருமா கட்டுகிறார்கள். தலைக்கு எண்ணெய் வைத்து, கறிச்சோறு போட்டு, மறுபடி காட்டுக்கும் வேலைக்கும் அனுப்புகிறார்கள். பேரன் பேத்தி எடுத்த கிழவர் போனால் அது கல்யாணச் சாவு, பறைக்கு ஆட்டமே உண்டு. ஆக, சாவுக்குப் பின் சிரிக்கலாமா என்பதற்கு ஊர் என்றைக்கோ பதில் சொல்லிவிட்டது. யார் சிரிக்கலாம் என்பதில்தான் வஞ்சனை.

மகனுக்கு உருமா கட்டுகிற அதே சடங்கு அவன் தாயின் பூவையும் பொட்டையும் பறித்துக்கொள்கிறது. அவள் துக்கத்துக்கு முடிவு நாள் குறிக்க யாரும் இல்லை. பெண்டாட்டியை இழந்தவன் ஆண்டு திரும்பும் முன் மறுகல்யாணம் செய்தாலோ, "பிள்ளைகளப் பாக்க ஆள் வேணாமா" என்று ஊரே காரணம் எடுத்துக் கொடுக்கும். மகாராஷ்டிரத்தில் கோலாப்பூர் மாவட்டத்து ஹேர்வாட் கிராமம், பொட்டழிப்பதையும் வளையல் உடைப்பதையும் தடுத்து 2022 மே மாதம் ஊராட்சியில் தீர்மானம் போட்டது. பெரம்பலூர், அரியலூர் ஊராட்சிகளுக்கு இது கைக்கு எட்டாத வேலை இல்லை.

சிரிக்காதே என்கிறவர்கள் ஒரு பக்கம். அழாதே என்று தேற்ற வருகிறவர்கள் இன்னொரு பக்கம். இவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. அவர்கள் சுட்டிக்காட்ட இந்த மண்ணிலேயே பழமை கிடக்கிறது. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது கல்லாகிப்போன கல்மரம், வயது சுமார் 12 கோடி ஆண்டு. அரியலூரில் சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டும் குழிகளில் சிப்பியும் நத்தையும் கல்லாகிக் கிடக்கின்றன. இங்கே ஒரு காலத்தில் கடல் இருந்தது. இதையெல்லாம் காட்டி, இவ்வளவு பெரிய காலத்தில் உன் துயரம் எம்மாத்திரம் என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொல்லக் கூடாது. பறிகொடுத்த பிள்ளையின் வயதில் ஒரு நாளைக்கூட அந்த 12 கோடி கூட்டித் தராது. துக்கப்பட்டவர் தாமாக ஒரு மாலையில் கல்மரத்தடிக்குப் போய் மனசு இளகித் திரும்பினால் அது வேறு கதை.

பெரிய கணக்கைக் காட்டிச் சாவைச் சின்னதாக்கும் வசதி ஒருவருக்கு இருந்தது. 1956 நவம்பர் 23, விடியும் முன். அரியலூர் பக்கத்து மருதையாற்று வெள்ளத்தில் பாலம் அரித்துப்போயிருக்க, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் எஞ்சினோடு ஆற்றில் விழுந்து 140 பேருக்கு மேல் இறந்தார்கள். அன்றைய ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி. இத்தனை ஆயிரம் ரயில் ஓடும் நாட்டில் இதெல்லாம் நடப்பதுதான் என்று அவர் சொல்லியிருக்கலாம். வெள்ளத்தின் மேல் பழி போட்டிருக்கலாம். பதவி விலகினார். சில மாதங்களுக்கு முன் மகபூப்நகர் விபத்துக்காக அவர் விலக முன்வந்தபோது ஏற்காத நேரு, இந்த முறை ஏற்றார். செத்தவர்கள் திரும்பவில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த வீடுகளின் இழப்பு எவ்வளவு பெரியது என்று டெல்லியில் ஒருவர் ஒப்புக்கொண்டார்.

அப்படி ஒப்புக்கொள்ளப்பட்ட துக்கம்தான் மெல்லத் தளர்கிறது. பிறகு குழம்பில் உப்பு சரியாக இருப்பது நாக்குக்குத் தெரிகிறது, ஆட்டுக்குட்டி துள்ளுவது கண்ணில் படுகிறது. இந்தத் தளர்வைச் சீக்கிரம் வா என்று இழுக்கவும், வராதே என்று மறிக்கவும் வெளியாளுக்கு உரிமை கிடையாது.

வெங்காயக் களத்தில் அவள் மறுபடி சிரிப்பாள். வரப்போரம் போகிறவரே, காதில் விழுந்தாலும் பேசாமல் நடங்கள்.