ஒரு கண்டுபிடிப்பும் இரு விலைகளும்

உண்மையைக் கண்டறிவது ஆராய்ச்சியாளனின் கடமை என்பதை மறுப்பார் இலர். ஆயின், விற்போர் எவருக்கும் இலாபம் தராத உண்மையைத் தேடும் கடமை யாரைச் சார்ந்தது? புற்றுநோய்க்கும் கண்நோய்க்கும் பொதுவாய் அமைந்த ஒரு கண்டுபிடிப்பின் வரலாறு இவ்வினாவை எழுப்புகின்றது.

புற்றுக்கட்டியானது புதிய குருதிக்குழாய்களைத் தன்பால் வளரச்செய்தே பெருக்கின்றது. அவற்றைத் தடுப்பின் கட்டியையும் தடுக்கலாம் என்று பொஸ்ரன் நகரச் சத்திரசிகிச்சை நிபுணர் யூடா போக்மன் 1971 இல் எடுத்துரைத்தார். அக்கருத்தை நெடுங்காலம் பலர் ஏற்கவில்லை. 1989 இல், கலிபோர்னியாவிலுள்ள ஜெனன்ரெக் கம்பனியின் ஆராய்ச்சியாளர் நப்போலியோனே பெராரா, குருதிக்குழாய்களின் வளர்ச்சியைத் தூண்டும் புரதமொன்றைத் தம் சகாவுடன் பிரித்தறிந்தார். அப்புரதத்தை முடக்கும் பெவசிசுமாப் என்னும் மருந்து, 2004 இல் பெருங்குடற் புற்றுநோய்க்கென அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது.

முதியோரைத் தாக்கும் விழித்திரை நோயொன்றிலும் அதே புரதமே தீங்கு விளைக்கின்றது. விழித்திரையின் கீழ் முளைக்கும் நலிந்த குழாய்கள் கசிந்து நடுப்பார்வையை அழிக்கின்றன. இந்நோய்க்கென அக்கம்பனி, முன்னைய மருந்துக்கு உறவான ரனிபிசுமாப் என்னும் சிறு மூலக்கூறை ஆக்கி, 2006 இல் அங்கீகாரம் பெற்றது. அமெரிக்காவில் ஓர் ஊசியின் விலை ஏறத்தாழ 2,000 டொலராக இருந்தது. ஆனால் 2005 இலேயே கண் வைத்தியர் சிலர் பெவசிசுமாப்பைச் சிற்றளவாகப் பிரித்துக் கண்ணிற் செலுத்திப் பயன் கண்டிருந்தனர். அதன் விலையோ ஏறத்தாழ 50 டொலர்.

இரண்டும் ஒத்த பயனுடையனவா என்பதே அடுத்து எழுந்த வினா. இரண்டையும் ஆக்கிய கம்பனிக்கு அதனை ஆராய்வதால் ஆதாயமில்லை. எனவே மக்களின் வரிப்பணத்தில் இயங்கும் அமெரிக்கத் தேசிய கண் நிறுவகமே அச்சோதனைக்குப் பொருளுதவி வழங்கியது. ஏறத்தாழ 1,200 நோயாளரை உள்ளடக்கிய அதன் முடிவு 2011 இல் வெளியாயிற்று: பார்வையைக் காப்பதில் இரண்டும் ஒத்தனவே.

எதிர்வாதமும் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆராய்ச்சிக்குப் பெருமுதல் வேண்டும். இலாப நம்பிக்கையின்றி அம்முதல் இடப்பட்டிராது. மருந்தைப் பிரித்து நிரப்புங்கால் தூய்மை தவறின் கண்ணிற் கிருமித்தொற்று ஏற்படலாம், அவ்வாறு நேர்ந்துமுள்ளது. எனினும் இவை விலைக்கும் எச்சரிக்கைக்கும் நியாயமாகலாமேயன்றி, வினாவைக் கேளாதிருப்பதற்கு நியாயமாகா. 2,000 டொலர் கொடுக்க இயலாத முதியவருக்கு அவ்வினாவின் விடை பார்வைக்கும் இருளுக்கும் இடையிலான வேறுபாடாகும்.

அங்ஙனமாயின் ஆராய்ச்சியாளனைக் குறைகூறலாமா? கூடாது. புரதத்தைக் கண்டவரே விலையையும் நிர்ணயித்தவர் அல்லர். வணிகம் கேட்க விரும்பாத வினாவைக் கேட்பது சமூகத்தின் கடமை. அதற்கான செலவை ஏற்பதும் அக்கடமையின் பகுதியே. 2013 இல் உலக சுகாதார நிறுவனம் கண்நோய்க்கான இன்றியமையா மருந்துகளுள் பெவசிசுமாப்பையும் சேர்த்தது. விற்போருக்கு ஆதாயம் தராத வினாவும் கேட்கப்பட்டமையாலேயே, வறியவரின் கண்ணுக்கும் அக்கண்டுபிடிப்பு எட்டக்கூடியதாயிற்று.