மூத்த நகர் எது?

உலகின் மூத்த நகர் எது என்னும் வினாவுக்கு எரிகோ, தமஸ்கு, பிப்லோஸ், அலெப்போ எனப் பல விடைகள் கூறப்படுகின்றன. மூப்பில் பெருமை கொள்வது மானிட இயல்பு. ஆயினும் வயதை எண்ணுமுன், எதன் வயதை எண்ணுகிறோம் என்று நாம் கேட்டாக வேண்டும்.

எரிகோவின் பழைய மேட்டை 1952 முதல் 1958 வரை அகழ்ந்தவர் காத்லீன் கென்யன் என்னும் ஆங்கிலேய அம்மையார். அவர் ஆராய்ந்த கற்கோபுரம் ஏறத்தாழ 10,000 ஆண்டுப் பழமையுடையது. எட்டரை மீட்டர் உயரம், உள்ளே 22 படிகள். மட்பாண்டம் வனைய அறியாத மக்கள் கட்டியது அது! அவர்களுக்குப் பின் அங்கு வாழ்ந்தோர், இறந்தோரின் மண்டையோட்டில் சாந்து பூசி முகம் வடித்து, வீட்டுத் தளத்தின் கீழேயே வைத்துக்கொண்டனர். ஆனால் அம்மேடு பலமுறை கைவிடப்பட்டது. இன்றைய எரிகோ நகரம் அதற்கு ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் அப்பால் உள்ளது. பெயர் ஒன்றே, ஊரும் ஒன்றுதானா?

தமஸ்குவின் நிலை வேறு. சவுல் தங்கியிருந்த நேர்த் தெருவில் இன்றும் வணிகம் நடக்கிறது. மக்கள் நெருங்கி வாழ்வதாலேயே அந்நகரின் அடியை ஆழ்ந்து தோண்ட இயலவில்லை. ஆள் அரவமற்ற ஊருக் நகரின் இடிபாடுகளோ தம் வயதைத் தாமே சொல்கின்றன. இறந்த நகருக்குச் சான்று மிகுதி. வாழும் நகருக்குக் குறைவு. விந்தைதான்.

அப்படியாயின் நகர் என்பது கல்லா, மக்களா? மக்களே என்பது எம் எண்ணம். ஆனால் எந்த மக்கள்? குருதி வழி ஒன்றே கணக்கு என்றால் எந்த நகரும் தேறாது. 1915-ஆம் ஆண்டுப் படுகொலைக்குத் தப்பி வந்த அர்மேனியர் அலெப்போவில் குடியேறி, அலெப்போ மக்களாகவே ஆயினர். விவிலியம் குறிப்பிடும் முதல் நகரைக் கட்டியவனும் (தொடக்கநூல் 4:17) நாடோடியாகத் திரியச் சபிக்கப்பட்ட காயினே.

அந்த அலெப்போவில் 2012 முதல் 2016 வரை போர் நடந்தது. பழைய அங்காடி எரிந்தது. பெரிய பள்ளிவாசலின் கோபுரம் 2013-இல் சாய்ந்தது. கோபுரத்தைத் திரும்ப எழுப்பலாம். அங்கு வாழ்ந்த கிறிஸ்தவருள் பெரும்பாலோர் வெளியேறிவிட்டனர். இசுலாமியரும் இலட்சக்கணக்கில் அகதிகளாயினர். 'இடையறாது மக்கள் வாழும் நகர்' என்று அலெப்போவுக்குப் பட்டம் கேட்போர், அயல்நாட்டு முகாம்களில் பிறந்த அதன் குழந்தைகளை எந்தக் கணக்கில் சேர்க்கிறார்கள்?