முதல் ஆயில் மாற்றும்வரை

புது பைக்குக்குப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழத்தை நசுக்கி ஷோரூமை விட்டு வெளியே வந்ததும் கை தானாக ஆக்ஸிலேட்டரை முறுக்கப் பார்க்கும். பொறுங்கள். சிலிண்டரின் உட்சுவரில் குறுக்குமறுக்காக மெல்லிய கீறல்களை வேண்டுமென்றே போட்டுத்தான் அனுப்புகிறார்கள். பிஸ்டன் ரிங்குகள் அதில் உரசி உரசிப் படிய வேண்டும். அதற்காக, போட்ட கியரை மாற்றாமல் நாற்பதிலேயே ஊர்வலம் போகிறவர்கள் உண்டு. அதுவும் தவறுதான். வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டினால்தான் ரிங் சீராகப் படியும். டாப் கியரில் திணறவிடுவதும் கெடுதல். பின்னால் ஹாரன் அடிக்கிறவர் போகட்டும், வழிவிடுங்கள். பெரும்பாலான வண்டிகளுக்கு 500 முதல் 1,000 கிலோமீட்டருக்குள் முதல் சர்வீஸ். அன்று வடித்த ஆயிலை வெயிலில் பார்த்தால் பொடிப்பொடியாய் உலோகம் மின்னும். பதறிப்போய் மெக்கானிக்கிடம் சண்டைக்கு நிற்க வேண்டாம்.