தலைக்கு மேலே ஓர் ஏரி

சேலம், நாமக்கல் பக்கம் லீவு நாளில் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போகலாம் என்று கேட்டால், பல வீடுகளில் முதலில் வரும் பெயர் மேட்டூர் அணைப் பூங்காதான். ஒரு பக்கம் சீதாமலை, எதிர்ப்பக்கம் பாலமலை. நடுவே காவிரியை மறித்து நிற்கும் அணை. அதன் அடிவாரத்தில் புல்தரை, ஊஞ்சல், சறுக்குமரம். ஆடிப் பதினெட்டுக்குச் சொல்லவே வேண்டாம். காவிரியில் தலைமுழுகி, அணைக்கட்டு முனியப்பனுக்குக் கிடாயோ சேவலோ வெட்டிப் பொங்கலிட்டு, ஆக்கிய சோற்றைத் தூக்குப்போசியில் அடைத்துக்கொண்டு மர நிழலுக்கு வந்துவிடுவார்கள். வெளியே மீன் கடைகளில் மசாலா தடவிய மீனைச் செக்கச்செவேலென்று தட்டில் அடுக்கி வைத்திருப்பார்கள். நாம் விரல் நீட்டிக் காட்டுகிற துண்டு அப்போதே எண்ணெய்க்குள் இறங்கும். நறுக்கிய வெங்காயத்தோடு சுடச்சுடக் கைக்கு வரும்.

"அம்மாயி, ஏரி எங்கே?" என்று அங்கே ஒரு பையன் கேட்டான். "அந்தச் செவுத்துக்குப் பொறவு இருக்குது சாமி" என்றார் பாட்டி. உண்மைதான். மற்ற ஊர்களில் ஏரிக்கரையில் பூங்கா இருக்கும்; இங்கே ஏரி நிரம்பினால் தண்ணீர் நம் தலைக்கு மேலே நிற்கிறது. முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. 1925இல் தொடங்கிய வேலை முடிந்து, 1934 ஆகஸ்ட் 21 அன்று அணை திறக்கப்பட்டது. அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஸ்டான்லியின் பெயரையே நீர்த்தேக்கத்துக்கும் வைத்தார்கள்.

அந்தத் தண்ணீருக்கு அடியில் ஊர்கள் இருக்கின்றன. நாயம்பாடி போன்ற ஊர்களில் வாழ்ந்தவர்கள் வீட்டையும் வயலையும் விட்டு மேட்டு நிலத்துக்குப் போனார்கள். கும்பிட்ட கோயிலும் சர்ச்சும் அங்கேயே நின்றுவிட்டன. நீர்மட்டம் வெகுவாக இறங்கும் வருடங்களில், பண்ணவாடிப் பக்கம் சர்ச்சின் கோபுரம் முதலில் தலை காட்டும். பிறகு ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி வெளியே வரும். ஜனங்கள் பார்க்கப் போவார்கள், பத்திரிகையில் படம் வரும். அதே நேரம் தஞ்சாவூரிலும் திருவாரூரிலும், ஜூன் 12க்கு அணை திறப்பார்களா, குறுவை போடலாமா என்று விவசாயிகள் கவலையோடு காத்திருப்பார்கள். ஓர் ஊர் மூழ்கினால்தான் இன்னோர் ஊரில் நாற்று முளைக்கும் என்றிருந்த கணக்கு அது. டெல்டாவின் நன்மையை நாம் நிறையப் பேசுகிறோம். ஊரைக் கொடுத்தவர்களைப் போதுமான அளவு பேசவில்லை என்பது என் மனக்குறை.

அடுத்த முறை மேட்டூர் போகிறவர்கள் பூங்காவோடு திரும்பிவிடாதீர்கள். கொளத்தூர் வழியாகப் பண்ணவாடிப் பரிசல்துறைக்கும் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். அங்குள்ள பெரியவர்களிடம், தங்கள் தாத்தா பாட்டியின் ஊர் எந்தத் திசையில் இருந்தது என்று கேளுங்கள். அந்த ஊர்ப் பெயர்களைப் பிள்ளைகள் காதால் கேட்கட்டும்.