பூனைக்கா மருந்து?

குறுக்கே பூனை வந்தது; புறப்பட்டவர் திரும்பிவிட்டார். பெண் பார்க்கப் போனவரும், கடன் கேட்கப் போனவரும், தேர்வெழுதப் போன மாணவனுங்கூடத் திண்ணையில் அமர்ந்து, ஒரு குவளை தண்ணீர் குடித்து, 'தோஷம்' கழித்த பிறகே மீண்டும் தெருவில் இறங்குகின்றனர். எலியைத் தேடி அடுத்த வீட்டுக்குப் போன அந்தச் சிற்றுயிருக்கு என்ன தெரியும், தன் நாலு காலில் நாலு பேருடைய தலையெழுத்தைக் கட்டிவிட்டிருக்கிறார்கள் என்று!

அந்தப் பூனையைப் பற்றித்தான் எழுதப்போகிறேன், தோழர்களே! சகுனத்தைச் சாடுவதற்காக அன்று. அதைச் சாடிச் சாடி நம் ஏடுகள் களைத்தும் போய்விட்டன, களைக்காமலே இருக்கிறது சகுனம். நான் சொல்ல வந்தது, பூனைக்கு வரும் ஒரு கொடு நோயின் கதை. அதற்கு மருந்து கண்ட கதை. கண்ட மருந்தைப் பூட்டி வைத்த கதை.

இதை வகுப்பில் ஒருநாள் சொன்னேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "மனுசனுக்கே மருந்து கெடைக்கல, பூனைக்கு எதுக்குங்கய்யா?" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டுப் பாடத்துக்குத் திரும்பியிருக்கலாம். ஆனால் அவன் கேட்டது கேலிக்கேள்வி அன்று. ஏழை வீட்டுப் பிள்ளை கேட்கும் கேள்வியில் எப்போதும் ஒரு கணக்கு இருக்கும்.

முதலில் நோயைச் சொல்கிறேன். பூனைகளின் குடலிலே ஒருவகைக் கொரோனா வைரஸ் வாழ்கிறது. பல பூனைகள் ஓரிடத்தில் நெருங்கி வாழுமானால் அது பெரும்பாலானவற்றைத் தொற்றும். சிறு வயிற்றுப்போக்கோடு போய்விடும். ஆனால் சில பூனைகளின் உடலுக்குள்ளேயே அந்தக் கிருமி உருத்திரிந்து விடுகிறது. திரிந்த பின் குடலோடு நில்லாமல், உடலைக் காக்க வேண்டிய வெள்ளணுக்களுக்குள்ளேயே புகுந்து பெருகுகிறது. காவலனே கள்வனுக்கு வண்டி ஓட்டுகிறான்! வயிற்றிலோ மார்பிலோ மஞ்சள் நீர் கோத்துக்கொள்கிறது. சிலவற்றில் கண்ணும் மூளையும் கெடுகின்றன. பெரும்பாலும் இரண்டு வயது நிரம்பாத குட்டிகளே இதற்கு இரையாகின்றன. 1963-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரக் கால்நடை மருத்துவர் ஜீன் ஹோல்ஸ்வொர்த் இந்நோயைத் தனியாகக் குறித்து எழுதினார். வயிற்று உட்சவ்வு அழற்சி என்ற பொருளில் அதற்கொரு நீண்ட பெயர் அமைந்தது, எஃப்.ஐ.பி. என்று சுருக்கி அழைக்கின்றனர். அன்று தொட்டு ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக, அந்த மூன்றெழுத்தைக் கேட்ட பூனை வளர்ப்போர் அழுதனர். மருத்துவர்கள் வலியின்றிக் கொல்லும் ஊசியை எடுத்தனர். வேறு வழியில்லை.

வழியில்லை என்பதை 'விதி' என்று மொழிபெயர்த்துக்கொள்ளாத மனிதர் ஒருவர் இருந்தார். கலிபோர்னியாவில், டேவிஸ் நகரப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவப் பேராசிரியர் நீல்ஸ் பெடர்சன். மாணவப் பருவத்தில் சந்தித்த நோயை முதுமை வரை துரத்தினார். கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தார் ஆக்கிய ஜி.சி. 376 என்னும் மருந்தை நோயுற்ற 20 பூனைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். ஏறத்தாழ எல்லாமே முதலில் எழுந்து நடமாடின. ஆனால் 2018-இல் முடிவுகளை வெளியிட்டபோது நோய் தணிந்த நிலையில் இருந்தவை ஏழுதான். அடுத்து வந்தது ஜி.எஸ். 441524. கிலியட் சயன்சஸ் என்ற மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பிறந்த பொருள் அது.

இம்மருந்து செய்யும் வேலை, அச்சகம் அறிந்தவர்க்கு எளிதில் விளங்கும். கிருமி பெருகுவது என்றால், தன் உயிர்ச்செய்தியை எழுத்தெழுத்தாகக் கோத்துப் படியெடுப்பது. ஜி.எஸ். 441524 அந்த எழுத்துகளில் ஒன்றைப் போலவே தோற்றமளிக்கும் போலி எழுத்து. அச்சுக் கோப்பவன் ஏமாந்து அதை எடுத்து வரியில் வைத்துவிட்டால், வரி மேலே நகராது. அச்சு நின்றுபோகும். கிருமி கொல்லப்படுவதில்லை, அதன் வெளியீடுதான் தடை செய்யப்படுகிறது. (தடை செய்யப்பட்ட ஏடுகளின் வரலாறு நமக்குத் தெரியும், இங்கே ஒன்றுதான் தடை நியாயமான இடம்!)

பத்துப் பூனைகளுக்கு நோயை ஆய்வுக்கூடத்திலே உண்டாக்கி, மருந்து கொடுத்தனர். பத்தும் பிழைத்தன, இரண்டுக்கு மட்டும் இரண்டாம் முறை கொடுக்க வேண்டியிருந்தது. 2018-இல் இது வெளிவந்தது. அடுத்த ஆண்டில், வீடுகளிலே இயல்பாக நோயுற்ற 31 பூனைகளின் கணக்கை வெளியிட்டனர். நோய் முற்றியிருந்த ஐந்து தொடக்கத்திலேயே இறந்தன. 26 பூனைகள் 12 வார ஊசியை முடித்தன. அவற்றுள் 25 நெடுநாள் நலமாயிருந்தன. சாவு உறுதி என்று அரை நூற்றாண்டு எழுதி வைத்திருந்த ஏட்டிலே, அந்த வரி அடிக்கப்பட்டது!

கொண்டாடியிருக்க வேண்டிய நேரம். ஆனால் கதவு சாத்தப்பட்டது.

ஜி.எஸ். 441524-க்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. அதுதான் ரெம்டெசிவிர், உடலுக்குள் போனபின் பெரும்பாலும் இதுவாகவே மாறுவது. அதை மனிதர்க்கான எபோலா மருந்தாக்க நிறுவனம் முயன்றுகொண்டிருந்தது. பூனைக்கு ஒன்றைக் கொடுத்து, அதில் ஏதேனும் தீய விளைவு தோன்றினால், மனித மருந்துக்கு அரசின் ஒப்புதல் தடைப்படுமோ என்ற அச்சத்தால், விலங்கு மருத்துவத்துக்கு உரிமம் வழங்க நிறுவனம் மறுத்தது என்று அப்போது செய்தி வந்தது. இந்தக் காரணத்தை நான் எள்ளி ஒதுக்கமாட்டேன். மேற்கு ஆப்பிரிக்காவில் 2014 முதல் 2016 வரை எபோலா பல்லாயிரம் பேரைத் தாக்கிற்று. ஒரு பக்கம் ஆப்பிரிக்கத் தாய். மறுபக்கம் கலிபோர்னியப் பூனை. யாரை முதலில் காப்பது என்று கேட்டால், நானும் என் மாணவன் பக்கந்தான்.

ஆனால் கேள்வி அப்படியா அமைந்திருந்தது? பூனைக்குக் கொடுத்தால் தாய்க்குக் குறைந்துவிடும் என்ற நிலையா? பூனைக்கு மறுத்த மருந்து ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறவில்லை; பூட்டிய அறையில் பத்திரமாக இருந்தது. அஞ்சியது தீமைக்கன்று, தீமை தெரிந்துவிடுமோ என்பதற்கு. ஒரு மருந்தில் குறை இருந்தால் அது முன்னதாக வெளிப்படுவது நோயாளிக்கு நல்லதா, கெட்டதா? பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்: காங்கோ நாட்டில் நடந்த எபோலா ஆய்வில் ரெம்டெசிவிர் பின்தங்கிற்று, 2019 ஆகஸ்டில், மேலான வேறு இரு மருந்துகளை வைத்துக்கொண்டு அதை நிறுத்திவிட்டனர். அன்று இது யாருக்கும் தெரியாது; ஆகையால் இதைக் கொண்டு நான் வழக்காடவில்லை.

கதவைச் சாத்தினால் சந்து திறக்கும். மருந்தின் அமைப்பு ஆய்விதழில் அச்சாகிவிட்டது. சீன நாட்டு வேதியியல் கூடங்கள் அதைச் செய்தன. பெயரில்லாக் குப்பிகள், 'சத்து மாத்திரை' என்று முகவரி மாற்றிய பெட்டிகள்! பூனை வளர்ப்போர் ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பி, நள்ளிரவில் குப்பி கைமாற்றி, வீட்டிலேயே ஊசி போடக் கற்றுக்கொண்டனர். ஒருநாள் இருநாள் அல்ல, 84 நாள். ஊசி மருந்து அமிலத்தன்மை உடையது. குத்தும்போது பூனை அலறும். அன்புள்ள கையே அந்த வலியைத் தரவேண்டும், நாள் தவறாமல். செலவோ ஆயிரக்கணக்கான டாலர். மருத்துவர்களில் பலர் சட்டத்துக்கு அஞ்சி ஒதுங்கினர். சிலர் மருந்தைத் தொடாமல், குருதியை மட்டும் ஆய்ந்து உதவினர். இப்படி மருந்து பெற்ற 393 பூனைகளைப் பற்றி 2021-இல் ஒரு கணக்கெடுப்பு வந்தது. கேட்ட நாளில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறுக்கு மேல் உயிரோடிருந்தன. பிழைத்த வீட்டார்தாம் ஆர்வத்தோடு பதில் எழுதுவர், இழந்தவர் எழுதார் என்பதையும் நினைவில் வைத்தே அந்த எண்ணைப் படிக்கவேண்டும்.

இவர்கள் சட்டத்தை மீறினர். குற்றவாளிகளா? மருந்தே இல்லாத இடத்தில் போலி மருந்து விற்பவன் குற்றவாளி. மருந்து இருக்கிறது, வேலை செய்கிறது, உடையவன் விற்கவுமாட்டான், பிறரை விற்கவிடவுமாட்டான் என்ற இடத்தில், சாகும் உயிரை மடியில் வைத்திருப்பவனிடம் சட்டப் புத்தகத்தை நீட்டுவது அறமாகுமா? கள்ளச் சந்தையை நான் புகழவில்லை. அது பணமுள்ளவர் பூனையை மட்டுமே காத்தது. குப்பிக்குள் என்ன அளவில் என்ன இருக்கிறதென்பதற்கு விற்பவன் வாய்ச்சொல்லே சான்று. ஆனால் அந்தச் சந்தையைக் கட்டியவர்களின் பட்டியலில் முதற் பெயர் சீன வணிகனுடையதாக இருக்க முடியாது.

"அதெல்லாம் அமெரிக்காவில், பூனைக்கு" என்பீர்கள். 2021 ஏப்ரல் இறுதியை நினைத்துப் பாருங்கள். சென்னையில் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாயிலில், வெயிலில், மருத்துவர் சீட்டைக் கையில் பிடித்தபடி நீண்டு நின்ற வரிசையை! மே மாதத்தில் கூட்டம் தாங்காமல் நேரு விளையாட்டரங்குக்கு மாற்றினார்கள். அவர்கள் தேடி வந்த குப்பி எது? பூனை மருந்தின் உடன்பிறப்பான அதே ரெம்டெசிவிர். அதே கள்ளச் சந்தை. அதே பன்மடங்கு விலை. பதுக்கியவர்களைக் காவலர் பிடித்த அதே செய்திகள். பூனைக்காரன் 2019-இல் நின்ற இடத்தில் மனிதனை 2021 கொண்டுவந்து நிறுத்திற்று.

இங்கே பகுத்தறிவாளர் என்று நம்மைச் சொல்லிக்கொள்பவரும் தலைகுனிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. உலக நலவாழ்வு நிறுவனம் 2020 நவம்பரிலேயே, மருத்துவமனையில் சேர்ந்த நோயாளிகளுக்கு ரெம்டெசிவிர் உயிர் காப்பதாகச் சான்றில்லை, கொடுக்க வேண்டாம் என்று பரிந்துரைத்திருந்தது. நோய்நாளைப் பதினைந்திலிருந்து பத்தாகக் குறைத்ததாக அமெரிக்க ஆய்வொன்று கூறிற்று, அவ்வளவே. ஆயினும் நாம் வரிசையில் நின்றோம். தாயத்தைக் கழற்றி எறிந்த கை குப்பியைத் தாயத்தாக இறுக்கிப் பிடித்தது! நின்றவர்மேல் எனக்குக் கோபமில்லை. மூச்சுக்குத் திணறும் தந்தைக்காக மகன் எங்கும் நிற்பான். 2022-இல் அந்நிறுவனம், நோய் முற்றாத, ஆனால் ஆபத்து மிகுந்தவர்க்குத் தரலாம் என்று தன் சொல்லையே திருத்திக்கொண்டது. சாத்திரம் திருத்திக்கொள்ளாது, அறிவியல் திருத்திக்கொள்கிறது. அந்தத் திருத்தம் வரும்வரை காத்திருக்கும் பொறுமையைத்தான் நம்மிடம் எவரும் வளர்க்கவில்லை.

என் மாணவனுக்கு நான் சொன்ன விடை சைப்ரஸ் தீவைப் பற்றியது. அத்தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதனருகே ஒரு பூனையையும் புதைத்திருந்ததை 2004-இல் ஆய்வாளர் அறிவித்தனர். அத்தனை பழைய உறவு! அங்கே 2023-இல் இந்நோய் புது வடிவில் பரவிற்று. பூனைக் கிருமியும் நாய்க் கிருமியும் கலந்து பிறந்தது அது, பூனையிலிருந்து பூனைக்கு நேரே தொற்றியது. ஆயிரக்கணக்கில் மடிந்தன. அவ்வாண்டு ஆகஸ்டில், மனிதரின் கொரோனாவுக்காக அரசு வாங்கி வைத்திருந்த மோல்னுபிராவிர் மாத்திரைகளைப் பூனைகளுக்குத் தர ஒப்புதல் அளித்தது அந்த அரசு. "மனிதனிடமிருந்து பறித்துப் பூனைக்குத் தரவில்லை, தம்பி, மனிதனுக்கென்று வாங்கியது இருப்பில் இருந்தது, அதைத் திறந்தார்கள். உனக்கும் பூனைக்கும் இடையிலே சண்டை இல்லை. இருவருக்கும் ஒரே பூட்டு" என்றேன்.

எறும்புக்கு அரிசிமாக் கோலமிட்டு 'ஜீவகாருண்யம்' பேசிவிட்டு, சேரி மனிதனுக்குத் தண்ணீர் மறுத்த நாடு இது. ஆகவே விலங்கின்மேல் அன்பு என்றாலே நம் இளைஞருக்கு ஐயம் பிறப்பது இயல்பு. அந்த ஐயம் நல்லது, கைவிட வேண்டாம். மனிதனை மிதித்துக்கொண்டே மாட்டைக் கும்பிடுவதற்கும், ஓர் உயிரின் நோயை ஆய்ந்து தீர்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பிரித்தறிந்தால் போதும்.

பூட்டு மெல்லத்தான் திறந்தது. 2021-இல் பிரிட்டனில் மருத்துவர் சீட்டோடு பெறும் வழி பிறந்தது. 2024 மே மாதத்தில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், மருத்துவர் எழுதித் தரும் ஜி.எஸ். 441524 கலவை மருந்தின்மேல் நடவடிக்கை எடுக்கும் எண்ணமில்லை என்று அறிவித்தது. அடுத்த மாதமே மாத்திரை விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டில் ஜெர்மன் ஆய்வாளர், நீர் கோத்த 40 பூனைகளை இரு பிரிவாக்கிப் பார்த்து, 84 நாளுக்குப் பதில் 42 நாள் போதுமென்று கண்டனர். செலவு பாதி, துன்பம் பாதி.

கதை முடிந்ததென்று புத்தகத்தை மூடினேன். அதே மாணவன் மறுபடி எழுந்தான். "அந்தப் பத்துப் பூனைக்கு நோயக் கொடுத்தாங்களே, அதுங்ககிட்ட யாருங்கய்யா கேட்டா?"

யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லத் தெரியாத உயிர்கள். அந்த ஆய்வு நடந்திருக்கவே கூடாது என்று என்னால் சொல்ல முடியவில்லை. நடக்காதிருந்தால் பின்னர் பிழைத்த பூனைகள் இன்று இல்லை. நடந்ததில் குற்றமே இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. ஒன்றுமட்டும் அவனிடம் சொன்னேன்: அந்தப் பத்தும் தம் உடலைக் கொடுத்துச் சேர்த்த அறிவு, அவற்றின் இனத்துக்குப் போய்ச் சேருமானால் அந்தச் செயலுக்கு ஒரு நியாயமாவது உண்டு. சேர விடாமல் ஆறு ஆண்டு பூட்டி வைத்தபோது, அந்த நியாயமும் பறிபோயிற்று. வலியை அனுபவித்தவை பூனைகள், சாவியை வைத்திருந்தவர்கள் வேறு.

அவன் உட்கார்ந்தான். ஒப்புக்கொண்டதாக எனக்குத் தோன்றவில்லை.