அறிவிப்பும் அரணும்: பெய்த் ஹனூன் எழுப்பும் அறவினா

எச்சரிக்கை விடுத்தபின் தாக்குவோர்க்குப் பொறுப்பு நீங்குமா? புறநானூற்றின் ஒன்பதாம் பாடலில் நெட்டிமையார் போற்றும் பாண்டியன் முதுகுடுமி, பெண்டிர், பிணியுடையோர் முதலியோரை அரண் சேருமாறு அறிவித்த பின்னரே அம்பு விடுகின்றான். (அவ்வரிசையில் உழவர் இல்லாமை தனியே ஆராயத்தக்கது.) சென்றடைய அரண் உண்டு என்பதே அவ்வறத்தின் அடிப்படை. காசாவின் வடகிழக்கு எல்லையூரான பெய்த் ஹனூனில் அவ்வடிப்படை தகர்ந்தது. 2014 சூலை 24 அன்று, வீடுகளைவிட்டு வெளியேறியோர் அடைக்கலம் புகுந்திருந்த ஐ.நா. பள்ளியிலேயே குண்டுகள் வீழ்ந்து பலர் மாண்டனர். அவை இஸ்ரேலியப் படை ஏவியவை என ஐ.நா. விசாரணைக் குழு பின்னர்க் கண்டது. 2023 அக்டோபர் 13 அன்று அவ்வூர் உள்ளிட்ட வடகாசா மக்கள் அனைவரும் தெற்கே செல்லுமாறு பணிக்கப்பட்டனர். தெற்கும் குண்டுவீச்சுக்குத் தப்பவில்லை. இத்தகைய அறிவிப்பு காப்பாகாது. வெளியேற இயலாதோர் மீதே பழியை ஏற்றுவதாகும். வடகாசா மருத்துவமனைகளிலிருந்து பிணியாளரை அகற்றுவது அவர்களுக்கு மரண தண்டனையாகும் என்று உலகச் சுகாதார நிறுவனம் மறுநாளே அறிவித்தது.