கொடுங்கோன்மை என்னும் சொல்

கொடுங்கோன்மை என்னுஞ் சொல்லைக் கேட்ட அளவில் கொலையும் சிறையும் கசையடியுமே பலர்க்கும் நினைவுக்கு வருகின்றன. கொடுமை என்பது கடுமையே எனக் கொண்டமையால் நேர்ந்த கருத்து இது. கொடு என்னும் அடிக்கு வளைவு என்னும் பொருளும் உண்டு. வில்லைக் கொடுமரம் என்பர். வளைந்த வாளைக் கொடுவாள் என்பர். செந்தமிழினின்று திரிந்த வழக்கைக் கொடுந்தமிழ் என்பர். அத்தமிழ் எவரையும் வருத்துவதன்று. செம்மையினின்று கோடியது, அவ்வளவே. கொடுங்கோல் என்பதும் அவ்வாறே செங்கோலுக்கு மறுதலையாய், வளைந்த கோல் எனப் பொருள்படும்.

திருவள்ளுவர் இவ்வேறுபாட்டைப் பேணினார். 55-ஆம் அதிகாரம் செங்கோன்மை. 56-ஆம் அதிகாரம் கொடுங்கோன்மை. பின்னதில் கோல் கோடுதலும் முறை கோடுதலும் பேசப்படுகின்றன. குடிகள் அஞ்சத்தக்க செயல்களை விலக்குதற்கு வெருவந்த செய்யாமை என 57-ஆம் அதிகாரத்தை வேறாக வகுத்தார். ஆங்கு வருவன வெங்கோல், கடுங்கோல் என்னுஞ் சொற்களே. இரண்டும் ஒன்றாயின் ஈரதிகாரம் வேண்டா என்க.

கடுமையின்றியும் கோல் வளையுமோ எனின், வளையும். சிலப்பதிகாரத்துப் பாண்டியன் நெடுஞ்செழியன் கொடிய இயல்பினனல்லன். பொற்கொல்லன் சொல்லை ஆராயாது நம்பிக் கோவலனைக் கொல்வித்தான். உண்மை தெளிந்தபோது, தண்டம் கடிதென்று அவன் வருந்தினானல்லன். முறை பிழைத்ததென்றே வருந்தி உயிர் துறந்தான்.

கோடாத கடுமையும் உண்டோ எனின், அதுவும் உண்டு. தம் சொல்வழி நில்லாத மக்களைப் பெற்றோர் ஒறுத்துத் திருத்துதல் அன்பே ஆதல்போல, இறைவனது முனிவும் அருளே என்பது சிவஞான சித்தியாரின் துணிபு. இதனை மறக்கருணை என வழங்குவர் சித்தாந்த நூலோர். ஆகலின், கோலின் செம்மையை அளத்தற்குக் கடுமை அளவுகோலாகாது.

இச்சொல்லின் பொருள் சுருங்கியதனால் விளையும் தீங்கு பெரிது. கோல் அரசர்க்கே உரியதன்று. பிறர்மேல் ஆணை செலுத்துவார் யாவர் கையிலும் உண்டு. மக்களுள் ஒருவனுக்கே பரியும் தந்தையும், செல்வர் பிள்ளையின் பிழையைக் காணாத ஆசிரியனும், உறவினர் பக்கம் சாயும் அறங்காவலனும் இன்சொல்லும் நகைமுகமும் உடையராதல் கூடும். எவரையும் அடித்திலேம், வைதிலேம் என்று அவர் தம்மைக் குற்றமற்றவராகவே கருதுவர். தம் சொல் கடிதோ என்று மட்டும் ஆராய்வார்க்கு இக்குற்றம் புலனாகாது. எவர்பக்கம் சாய்ந்தோம் என்று ஆராய்வார்க்கே புலனாகும்.